மண்ணில் கால் படாத அன்டேயஸ்

புதன், ஃப்ளோரன்ஸ்

பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் இருக்கும் ஒரு சின்ன வெண்கலச் சிலைக்காகத்தான் இந்தப் பயணத்தையே திட்டமிட்டேன். பீடத்தோடு சேர்த்து சுமார் 46 செ.மீ. உயரம். செய்தவர் அந்தோனியோ பொல்லாயுவோலோ. காலம் 1475-ஐ ஒட்டி. கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸ், அன்டேயஸைத் தரையிலிருந்து தூக்கி இறுக்குகிறான், அவ்வளவுதான் காட்சி. கூட வந்திருப்பது என் அக்கா. பிசியோதெரபிஸ்ட். நான் சிலையைப் பார்ப்பேன், அவள் முதுகெலும்பைப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே அவளை வற்புறுத்திக் கூட்டிவந்தேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்டேயஸ் லிபியாவில் இருந்த அரக்கன். கடல் தேவன் பொசைடனுக்கும் பூமித் தாய் கையாவுக்கும் பிறந்தவன். அந்த வழியாகப் போகிற அயலூர்க்காரர்களை மல்லுக்கு இழுத்துக் கொல்வான். அவர்களுடைய மண்டையோடுகளை அப்பாவின் கோயிலுக்குச் சேர்த்து வைப்பான். அவனை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. காரணம், கீழே தள்ளினால் அவன் விழுவது தாயின் மேல். உடம்பு மண்ணைத் தொட்டதும் புதுப் பலம் வந்துவிடும். ஹெர்குலிஸும் முதலில் தூக்கித் தூக்கித் தரையில் அடித்துப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் எதிரி முன்பைவிடத் தெம்பாக எழுந்து வருகிறான். அப்புறம்தான் விஷயம் பிடிபடுகிறது. இடுப்போடு கட்டித் தூக்கி, கால் மண்ணில் படவிடாமல், காற்றிலேயே வைத்து நெரித்துக் கொல்கிறான்.

எனவே இந்தக் கதையைச் செய்ய வருகிற எந்தச் சிற்பிக்கும் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: பாரத்தை எப்படிக் காட்டுவது? ஒருவன் இன்னொருவனைத் தூக்கி வைத்திருக்கிறான் என்று காட்டினால் போதாது. எத்தனை நேரம் தாங்குவான், விட்டுவிடுவானோ என்ற பயம் பார்ப்பவனுக்கு வர வேண்டும். விட்டால் கதை முடிந்தது.

பொல்லாயுவோலோவின் ஹெர்குலிஸ் முழங்காலை மடக்கி, இடுப்பை முன்னால் தள்ளி, மேலுடம்பைப் பின்னால் சாய்த்திருக்கிறான். தோளிலிருந்து சிங்கத்தோல் பின்னால் தொங்குகிறது. அன்டேயஸ் அவனுக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம். வாய் பிளந்திருக்கிறது. கையால் ஹெர்குலிஸின் தலையைத் தள்ளுகிறான். கால்கள் காற்றில் உதைக்கின்றன. கைகளும் கால்களும் திசைக்கொன்றாகப் பறக்கின்றன. கீழே மூன்று பக்கப் பீடம். நான்கு பக்கப் பீடமாக இருந்தால் முன், பின், பக்கம் என்று கண் தானாகவே பிரித்துக்கொள்ளும். மூன்று பக்கம் வைத்ததால் ‘இதுதான் முன்பக்கம்’ என்று எங்கேயும் நின்றுவிட முடியவில்லை. ஓரிடத்தில் நின்றால் அன்டேயஸின் அலறல் மட்டும் தெரிகிறது, ஹெர்குலிஸின் முகம் மறைந்துவிடுகிறது. இரண்டடி நகர்ந்தால் ஹெர்குலிஸின் முதுகும் சிங்கத்தோலும். இன்னும் நகர்ந்தால் உதைக்கும் கால்கள் நம்மை நோக்கி வருகின்றன. முழுச் சண்டையும் எந்த இடத்திலிருந்தும் தெரியாது. சுற்றித்தான் ஆக வேண்டும். நாங்களும் சுற்றிக்கொண்டே இருந்தோம்.

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள், “டேய், இவன் தூக்கியிருக்கிற விதம் சரி. இருபது லிட்டர் தண்ணி கேனைத் தூக்கும்போது நாம என்ன பண்றோம்? உடம்போட ஒட்டிப் பிடிச்சிட்டுப் பின்னால சாயறோம் இல்ல? பாரம் பாதத்துக்கு நேர் மேல வந்தாத்தான் நிக்க முடியும். ஆனா இந்த அளவு சாஞ்சா இடுப்புக்கு மேல முதுகெலும்பு பூரா நசுங்கும். ரொம்ப நேரம் தாங்க மாட்டான்.”

அதுதான். ரொம்ப நேரம் தாங்க மாட்டான் என்று தோன்றுவதுதான் இந்தச் சிலையின் உயிர். ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்கு 550 ஆண்டுக்கு முந்தைய வெண்கலத்தைப் பார்த்துக் கவலை வருகிறது என்றால், பொல்லாயுவோலோ பாரத்தைப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

வாயைப் பற்றியும் அவள் ஒன்று சொன்னாள். விலாவைச் சுற்றி இறுக்கினால் மூச்சை வெளியே விட முடியும், திரும்ப உள்ளே இழுக்க முடியாதாம். ஒவ்வொரு முறை வெளியே விடும்போதும் பிடி இன்னும் கொஞ்சம் இறுகும். ஆகவே அந்தத் திறந்த வாயிலிருந்து போவது அலறலாகவும் இருக்கலாம், கடைசி மூச்சாகவும் இருக்கலாம். இதைக் கேட்டதும் எனக்கு ஃப்ளோரன்ஸுக்கு வெளியே காஸ்தெல்லோ மாளிகைத் தோட்டத்தின் நீரூற்று ஞாபகம் வந்தது. 1560-ஐ ஒட்டி அம்மனாத்தி என்ற சிற்பி அந்த நீரூற்றின் உச்சிக்கு இதே ஜோடியைப் பெரிய வெண்கலமாகச் செய்தார். தண்ணீர் பீறிட்டது அன்டேயஸின் வாயிலிருந்து. உயிர் வெளியேறுவதையே நீராகக் காட்டிய அந்த யோசனையை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது.

இந்தக் கட்டடத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 1255-ல் கட்டத் தொடங்கியது. நகர நீதிபதியின் மாளிகையாக இருந்து, பிற்பாடு சிறையாகி, இதன் முற்றத்தில் மரண தண்டனைகளும் நிறைவேறியிருக்கின்றன. 1865-ல்தான் அருங்காட்சியகம் ஆனது. முதல் மாடியில் தொனத்தெல்லோவின் வெண்கல டேவிட் நிற்கிறான். கூட்டம் எல்லாம் அவனிடம். மேலே ஏறி வருகிறவர்கள் குறைவு. எங்களுக்கு அது நல்லதாகப் போயிற்று.

வியாழன், ஃப்ளோரன்ஸ்

உஃபீஸி ஓவியக்கூடத்துக்குக் காலையிலேயே போய்விட்டோம். பொத்திச்செல்லி அறையில் தலைகள்தான் தெரிந்தன, படங்கள் தெரியவில்லை. எங்கள் வேலை அங்கே இல்லை. நேராகப் பொல்லாயுவோலோ.

இங்கே இருப்பவை மரப்பலகையில் வரைந்த இரண்டு குட்டி ஓவியங்கள். ஒன்றில் ஹெர்குலிஸ் பல தலைப் பாம்பு ஹைட்ராவோடு மோதுகிறான், இன்னொன்றில் அன்டேயஸோடு. அன்டேயஸ் பலகை சுமார் 16 செ.மீ. உயரம், 9 செ.மீ. அகலம். கைக்குள் அடங்கிவிடும். ஆனால் எட்ட நின்று பார்க்கும்போது சின்னதாகத் தோன்றவில்லை. அடிவானத்தை ரொம்பக் கீழே வைத்துவிட்டார். நிலம் முழுக்கக் காலடியில் கிடக்க, இரண்டு உடம்புகளும் வானத்தில் எழுந்து நிற்கின்றன. அன்டேயஸுக்கு அந்த நிலம்தான் தாய் என்று தெரிந்து பார்த்தால், எட்டாத தூரத்தில் அது விரிந்து கிடப்பது மனதைப் பிசைகிறது. சிலையில் இந்த நிலத்தைக் காட்ட வழியில்லை. ஓவியம் செய்ய முடிந்ததும் சிலை செய்ய முடிந்ததும் எவை என்பது இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்ததால்தான் எனக்குப் புரிந்தது. ஓவியத்தில் ஹெர்குலிஸின் முகத்தை மறைக்க முடியாது, சுற்றிப் போகவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் அந்த முகம் நம்மைப் பிடித்து ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறது.

இந்தப் பலகைகள் பட்ட பாடு தனிக் கதை. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் படைகள் பின்வாங்கிய 1944-ல், இரண்டும் காணாமல் போயின. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். திருட்டுப் போன இத்தாலியக் கலைப்பொருள்களைத் தேடி மீட்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்த ரொடோல்போ சிவியேரோ இதிலும் முன்னால் நின்றார். ஒரு சட்டைப்பைக்குள் வைத்தே கொண்டுபோயிருக்கக்கூடிய அளவு என்பதை நினைத்தால் திரும்பி வந்ததே பெரிய விஷயம்.

சரி, யார் இந்தப் பொல்லாயுவோலோ? ‘பொல்லாயுவோலோ’ என்றால் கோழி விற்பவர். அப்பா கோழி வியாபாரி, அதனால் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தோனியோ 1430-களின் தொடக்கத்தில் பிறந்தவர், தம்பி பியேரோ ஓவியர். அந்தோனியோ பழகியது பொற்கொல்லர் தொழில். கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி, அவருடைய வாழ்க்கையை எழுதும்போது, ஞானஸ்நானக் கோயிலின் வெண்கலக் கதவுச் சட்டத்தில் அவர் செய்த ஒரு காடை இருக்கிறது, பறக்க மட்டும்தான் அதனால் முடியவில்லை என்று புகழ்கிறார். மாலையில் அந்தக் கதவுப் பக்கம் போய் இலைகளுக்கும் பறவைகளுக்கும் நடுவே தேடினோம். கோழிக்கடைக்காரர் மகன் காடையை இத்தனை நன்றாகச் செய்யாவிட்டால்தான் ஆச்சரியம் என்றாள் அக்கா.

பொற்கொல்லர் என்பது முக்கியம். ஓர் அங்குலத்துக்குள் நரம்பும் நகமும் செதுக்கிப் பழகிய கை அது. பெரிய சிலையைச் சுருக்கிச் சின்னதாக்கவில்லை அவர். அந்த அளவிலேயே யோசித்திருக்கிறார்.

வெள்ளி, ஃப்ளோரன்ஸ்

காலையில் மெடிச்சி மாளிகை. 1444-ல் மிக்கெலோட்சோ கட்டத் தொடங்கிய வீடு. கீழ்ச்சுவர்கள் கோட்டைபோல முரட்டுக் கல், உள்ளே முற்றம் இதமாக இருக்கிறது. எல்லோரும் பெனோட்சோ கொட்சோலி வரைந்த சின்ன ஜெபக்கூடத்துக்காக வருகிறார்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனது இங்கே இல்லாத படங்களைத் தேடிக்கொண்டிருந்தது.

1460-ல் அந்தோனியோவும் தம்பியும் இந்த வீட்டின் பெரிய கூடத்துக்கு ஹெர்குலிஸின் சாகசங்களை மூன்று மிகப் பெரிய துணி ஓவியங்களாக வரைந்தார்கள். அதில் ஒன்று அன்டேயஸ். தேதி எப்படித் தெரியும் என்றால், அந்தோனியோவே 1494-ல் எழுதிய ஒரு கடிதத்தில் 34 ஆண்டுக்கு முன் வரைந்ததாகச் சொல்கிறார். மூன்றும் அழிந்துவிட்டன. உஃபீஸியில் நேற்று பார்த்த குட்டிப் பலகைகள்தான் அவற்றின் சாயலை நமக்குக் காட்டுபவை என்று கருதுகிறார்கள். 1492-ல் லொரென்சோ மெடிச்சி இறந்தபோது வீட்டுச் சாமான்களை எல்லாம் பட்டியல் எடுத்தார்கள். அதில் ஹெர்குலிஸ் அன்டேயஸை நசுக்குவதாக ஒரு வெண்கலமும் வருகிறது. பார்ஜெல்லோவில் பார்த்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

ஒரு வங்கிக்காரக் குடும்பம் தன் கூடத்தில் ஏன் ஹெர்குலிஸை மாட்ட வேண்டும்? ஃப்ளோரன்ஸ் நகரத்தின் அரசு முத்திரையில் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ஹெர்குலிஸ் உருவம் உண்டு. கொடுங்கோலரை அடக்குபவன், குடியரசின் காவலன் என்று ஊரே அவனைக் கொண்டாடியது. ஊருடைய அடையாளத்தை மெடிச்சிகள் மெல்லத் தங்கள் வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். 1494-ல் ஊர் மக்கள் மெடிச்சிகளை விரட்டியபோது, அரசாங்கம் வீட்டிலிருந்த கலைப்பொருள்களில் முக்கியமானவற்றை எடுத்துக்கொண்டு போய் நகர மன்றத்தில் வைத்தது. தொனத்தெல்லோவின் வெண்கல யூதித்தும் அப்படிப் போனதுதான். ஹெர்குலிஸ் யாருடையவன் என்பது அன்றைக்கு அடிதடி வரை போகிற கேள்வி.

மதியம் ஆற்றைக் கடந்து பித்தி மாளிகை. டிக்கெட் எடுத்து மாடி அறைகளைப் பார்ப்பதைவிட முற்றத்துக்குப் போவதில்தான் எனக்கு அவசரம். அங்கே ஆளைவிடப் பெரிய பளிங்கு ஹெர்குலிஸ், அன்டேயஸைத் தூக்கியபடி நிற்கிறான். இது ரோமானியர் காலத்துச் சிலை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில், வாத்திகானின் பெல்வெதேரே முற்றத்தில் இருந்தது. அப்போது தலையும் இல்லை, கைகால்களும் பெரும்பாலும் இல்லை. வெறும் இரண்டு உடம்புகள் ஒட்டிக்கொண்டு நின்றன. 1560 வாக்கில் போப் நான்காம் பயஸ் இதை கோசிமோ மெடிச்சிக்குக் கொடுத்தார். மீதி உறுப்புகள் பிற்பாடு சேர்த்தவை.

இதில் பிடி வேறு மாதிரி. ஹெர்குலிஸ் பின்னாலிருந்து கட்டியிருக்கிறான். அன்டேயஸின் முதுகு அவன் நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது, இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். பளிங்குக்கு இது தோதான ஏற்பாடு. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நீட்டிய கையோ காலோ தன் பாரத்திலேயே ஒடியும், முட்டுக் கொடுத்தாக வேண்டும். வெண்கலத்துக்கு அந்தக் கவலை குறைவு. உள்ளே பொள்ளலாக வார்க்கலாம், மெல்லிய கணுக்கால் மேலே பெரிய உடம்பை நிறுத்தலாம். பொல்லாயுவோலோ அன்டேயஸை முகத்துக்கு முகமாகத் திருப்பி, கைகால்களைத் தாறுமாறாக வீசவிட்டது அந்த உலோகத்தின் பலத்தை அறிந்துதான்.

இந்தப் பளிங்கை நன்றாகக் கவனித்து வைத்துக்கொண்டோம். வியன்னாவில் தேவைப்படும்.

சனி, போலோஞா வழியாக மான்டுவா

ஃப்ளோரன்ஸிலிருந்து மான்டுவாவுக்குப் போகும் வழியில் போலோஞாவில் இறங்கி ரயில் மாறினோம். அங்கே வேண்டுமென்றே சில மணி நேரம் வைத்துக்கொண்டேன், காரிசெண்டா கோபுரத்துக்காக.

கவிஞர் தாந்தே ஃப்ளோரன்ஸ்காரர். அவருடைய நரகப் பயணத்தின் 31-ஆவது பாடலில் அன்டேயஸ் வருகிறான். நரகத்தின் அடிக் குழிக்கு இறங்க வழியில்லாமல் தாந்தேயும் வழிகாட்டியான பழைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலும் நிற்கிறார்கள். சுற்றிலும் அரக்கர்கள் சங்கிலியில். அன்டேயஸுக்கு மட்டும் சங்கிலி இல்லை. தேவர்களோடு நடந்த யுத்தத்தில் அவன் சேரவில்லை. வெர்ஜில் அவன் பெருமையைச் சொல்லிப் புகழ்ந்து, எங்களைக் கீழே இறக்கிவிடு என்று கேட்கிறார். ஒரு காலத்தில் ஹெர்குலிஸையே இறுக்கிப் பிடித்த அதே கைகள் இவர்களைப் பத்திரமாக எடுத்துக் கீழே வைக்கின்றன. அவன் குனிந்ததைத் தாந்தே சொல்கிற விதம்: காரிசெண்டாவின் சாய்ந்த பக்கத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது மேலே ஒரு மேகம் எதிர்ப்பக்கம் நகர்ந்தால், கோபுரமே நம் மேல் விழுவதாகத் தோன்றுமே, அப்படி இருந்ததாம்.

கோபுரம் இப்போது 48 மீட்டர் உயரம். தாந்தே பார்த்தது இதைவிட உயரம், 14-ஆம் நூற்றாண்டில் ஆபத்து என்று மேல்பகுதியைக் குறைத்துவிட்டார்கள். 2023 அக்டோபரிலிருந்து சுற்றிலும் அடைத்துவிட்டதால் அடியில் போய் நிற்க முடியாது. வேலிக்கு வெளியே நின்று மேகத்துக்காகக் காத்திருந்தோம். வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தூக்கப்பட்டவனாகவே அவனை எல்லோரும் செய்திருக்க, தூக்கி இறக்குபவனாக ஒருவர் எழுதியிருக்கிறார். ஃப்ளோரன்ஸ்காரர் எழுத, பேசி இணங்க வைப்பது வெர்ஜில். அவர் மான்டுவாக்காரர். நாங்கள் போவதும் அங்கேதான்.

மான்டுவா சேரும்போது இருட்டிவிட்டது. மின்சோ ஆறு ஏரிகளாக விரிந்து ஊரைச் சுற்றிக் கிடக்கிறது. இரவு பூசணிக்காய்ப் பூரணம் வைத்த தோர்தெல்லி சாப்பிட்டோம். இனிப்பும் உப்புமாக இருந்தது. எனக்குப் பிடித்தது, அக்காவுக்கு இல்லை.

ஞாயிறு, மான்டுவா

டியூக் மாளிகை ஒரு மாளிகை என்று சொல்ல முடியாத அளவு பெரிது. முற்றம், தோட்டம், கோட்டை என்று ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது. ஓவியர் மந்தெஞ்ஞா 1474-ல் முடித்த மணமக்கள் அறையில் விதானத்து வட்டத்தைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதற்குக் கீழே, வளைவுகளுக்கு இடையிலான முக்கோணங்களில் ஹெர்குலிஸ் கதைகள் இருக்கின்றன. பொன் பின்னணியில், சிற்பம் மாதிரித் தோன்றும்படி வரைந்தவை. மந்தெஞ்ஞா இந்த ஊரை எப்படிப்பட்ட பழமைப் பைத்தியம் ஆக்கினார் என்பது அந்த முக்கோணங்களில் தெரிகிறது.

அந்தச் சூழலில் வளர்ந்தவர்தான் பியேர் யாக்கோப்போ அலாரி பொனக்கோல்சி. மான்டுவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்துக்கு வேலை செய்த பொற்கொல்லர், சிற்பி. கிரேக்க, ரோமானியச் சிலைகள் மேல் அவருக்கு இருந்த பிடிப்பால் ‘அன்டிகோ’ (இத்தாலிய மொழியில் ‘பழமையான’) என்றே பெயர் ஆகிவிட்டது. ரோமில் உடைந்து கிடந்த பெரிய பளிங்குகளைப் பார்த்து, குறைந்த உறுப்புகளை யோசித்துச் சேர்த்து, மேசையில் வைக்கிற அளவு வெண்கலமாக்குவது அவர் வேலை.

வேலை செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழக்கமான முறையில், மண் கருவின் மேல் மெழுகில் உருவம் செய்வார்கள். மேலே மண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். வார்ப்பு தவறினால் போச்சு, மெழுகு உருவமும் போய்விட்டது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்டிகோ இன்னொரு வழிக்குப் போனார். மூல உருவத்திலிருந்து துண்டு துண்டாகப் பிரித்தெடுக்கும் அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் மெழுகைப் படியவைத்து, அந்த மெழுகை வார்ப்புக்குக் கொடுத்தார். மூல உருவம் பத்திரமாக இருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் வார்க்கலாம். நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தின் ரிச்சர்ட் ஸ்டோன் எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்து இதை விளக்கியிருக்கிறார். சின்ன வெண்கலச் சிலைகளில் இந்த முறையை இத்தனை தேர்ச்சியாகக் கையாண்ட முதல் ஆள்களில் அன்டிகோவும் ஒருவர்.

இந்த முறை எங்கே கைகொடுத்தது என்று சொல்கிறேன். 1519 மார்ச்சில் இசபெல்லா டெஸ்டேயின் கணவர் பிரான்செஸ்கோ கொன்சாகா இறந்தார். விதவையான இசபெல்லா மாளிகையின் இன்னொரு பகுதிக்குக் குடிமாறி, தன் படிப்பறையையும் கலைப்பொருள் அறையையும் அங்கே புதிதாக அமைத்துக்கொண்டார். அந்த ஏப்ரலில் அன்டிகோ அவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். காலமான ஆயர் லுடோவிகோ கொன்சாகாவுக்குச் செய்து கொடுத்த சிலைகளைச் சொல்லி, மறுபடி வார்த்துத் தர முடியும் என்கிறார். அதில் அன்டேயஸைக் கொல்லும் ஹெர்குலிஸும் உண்டு. பழம் சிலைகளிலேயே மிக அழகானது அதுதான் என்று மெச்சுகிறார். அவர் சொல்வது எங்கள் பித்தி மாளிகைப் பளிங்கை, அதாவது தலையும் கைகாலும் இல்லாமல் ரோமில் நின்ற அந்த நிலையை.

இசபெல்லாவின் அறைகளைப் பார்த்தோம். கூரையில் பொன் வேலைப்பாடு, மரச்சுவர்களில் பதிப்பு வேலை, பளிங்குக் கதவுச் சட்டம். பொருள் என்று எதுவும் இல்லை. ஓவியங்கள் லூவ்ரில் இருக்கின்றன. சிலைகள் சிதறிவிட்டன. 1627-28-ல் கொன்சாகாக்கள் பெரும்பகுதியை இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸுக்கு விற்றார்கள், 1630-ல் புனித ரோமப் பேரரசின் படை ஊரைச் சூறையாடியது. அறை சிறியது, நாலு பேர் நின்றால் நெருக்கம். இந்த அளவு இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் அந்தச் சிலை இருந்திருக்கிறது என்பதை நேரில் நின்றால்தான் உணர முடிகிறது. எடுத்துப் பார்ப்பதற்கும் வந்தவரிடம் கொடுத்துப் பேசுவதற்கும் செய்யப்பட்ட பொருள் அது. முற்றத்தில் நிறுத்துகிற சிலைக்கு ஊர் முழுக்கப் பார்வையாளர். இங்கே ஒருவர், மிஞ்சினால் இருவர்.

மதியம் தெ மாளிகையில் ராட்சசர் அறையை ஓட்டமாகப் பார்த்தோம். சாயங்காலம் கிளம்பி இரவு ரயில்.

திங்கள், வியன்னா

தூக்கம் சரியில்லை. அருங்காட்சியகத்தை நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு மதியம் வரை படுத்திருந்தோம்.

செவ்வாய், வியன்னா

குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் அருங்காட்சியகம் 1891-ல் திறந்தது. அதன் கலைப்பொருள் பிரிவு பத்து ஆண்டுக்கு மேல் மூடியிருந்து 2013-ல் மறுபடி திறந்தார்கள். 20 அறைகள். செல்லினியின் பொன் உப்புக்கிண்ணம் 2003-ல் திருடுபோய் 2006-ல் திரும்பக் கிடைத்ததே, அதுவும் இங்கேதான். அதன் முன் கூட்டம்.

அன்டிகோவின் ஹெர்குலிஸ் சுமார் 43 செ.மீ. பார்ஜெல்லோ சிலையோடு ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் இரண்டும் வேறு வேறு உலகம்.

பிடி பித்தியில் பார்த்த பளிங்கின் பிடிதான். பின்னாலிருந்து கட்டித் தூக்கியிருக்கிறான், அன்டேயஸின் தலை பின்னால் சாய்கிறது. மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கி, கருமையான மெருகு கொடுத்திருக்கிறார். ஒளி தசைகளின் மேல் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. சுருள் சுருளாகத் தலைமுடி, தாடி, ஒவ்வொன்றும் தனித்தனியாக. பொற்கொல்லர் வேலை என்றால் இதுதான். பக்கத்தில் அவருடைய வீனஸ் நிற்கிறாள். அவளுடைய கூந்தலில் பொன் பூச்சு, கண்ணில் வெள்ளி. எத்தனை நேரம் பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

அக்கா சுற்றி வந்துவிட்டுச் சொன்னாள், “இவனுக்கு முதுகு வலிக்கவே இல்லடா.”

நான் எழுத நினைத்ததை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். அன்டிகோவின் ஹெர்குலிஸ் ஏற்கெனவே ஜெயித்துவிட்டான். பாரம் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. ஒரு பழைய உன்னதத்தை முழுமையாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அன்டிகோவின் தவம், அதை அவர் சாதித்திருக்கிறார். தலையற்ற, கையற்ற உடைந்த கல்லிலிருந்து இப்படி ஒரு முழுமையை எடுத்தது சாதாரணக் காரியம் இல்லை. அதற்காக அவரை எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டாடுவேன். ஆனாலும் எனக்கு வேண்டியது பார்ஜெல்லோவில் இருக்கிறது. கதையே கால் தரையில் படுமா படாதா என்பதுதான். அந்தக் கேள்வி பொல்லாயுவோலோவிடம் இன்னும் திறந்திருக்கிறது. அன்டிகோவிடம் மூடிவிட்டது.

இந்த வார்ப்பில் இன்னொரு செய்தி உண்டு. பீடத்தின் அடியில் இசபெல்லாவின் பெயரும் மான்டுவாவின் மார்க்கிஸ் சீமாட்டி என்ற பட்டமும் சுருக்கெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மேசையில் வைத்திருந்தால் தெரியாது. கையில் தூக்கித் திருப்பினால்தான் தெரியும். நேற்று முன்தினம் அந்த வெற்று அறையில் நினைத்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது. இது தூக்கப்படுவதற்காகச் செய்த ஹெர்குலிஸ். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் நமக்கு அந்தப் பாரம் கிடைக்காது. 43 செ.மீ. வெண்கலம் கையில் எப்படி இருக்கும் என்று இரண்டு பேரும் வெறுங்கையை ஏந்திப் பார்த்தோம், காவலர் பார்த்துச் சிரித்தார்.

அன்டிகோவின் இதே சிலைக்கு இன்னொரு வார்ப்பு லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே உருவிலிருந்து வந்த இரண்டு வார்ப்புகளில் மெருகும் செதுக்கலும் எங்கே மாறியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அக்காவுக்கு அடுத்த லீவு எப்போது என்று கேட்டிருக்கிறேன்.